எந்தச் செலவுத் தலைப்பிலும் அடங்காத எங்கள் அபீதா அம்மையாருக்கு

அண்ணாமலையின் அடிவாரத்தில் பிறந்து, அங்கேயே படித்து, அங்கேயே மணந்து, அங்கேயே முப்பத்திரண்டு ஆண்டுகள் விலங்கியல் கற்பித்து, ஆண்டுக்கொரு முறை மட்டும் இந்துமாக்கடலை ஒரே தாண்டாகத் தாண்டி, மடகாஸ்கர் தீவின் மரக்கிளைகளில் தலைகீழாகத் தொங்கும் உயிர்களைத் தலைநிமிர்ந்து எண்ணிவிட்டுத் திரும்பும் தகைமையீர்! வௌவாலுக்கும் வாஞ்சை காட்டும் வள்ளன்மையீர்! எங்கள் துறைத்தலைவரே, பேராசிரியை திருமதி அபீதகுஜாம்பாள் நீலகண்டன் அவர்களே! வணங்கி வரவேற்கிறோம். வழியனுப்புகிறோம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தோம். அந்தச் சொல்லில்தான் குழப்பம் தொடங்கியது.

இத்தகைய மடலை எழுதி முடிக்க நம் கல்லூரியில் அரைநாள் போதும். சென்ற ஆண்டு ஓய்வுபெற்றவருக்கு எழுதியதில் பெயரையும் துறையையும் மாற்றினால் போதும் என்பது நாம் அனைவரும் அறிந்த, யாரும் வெளியே சொல்லாத உண்மை. தங்களுக்கு எழுதத் தொடங்கி இரண்டு வாரமாயிற்று. அச்சகத்தார் மூன்று முறை திருத்தப்படி கொடுத்தார். நான்காம் முறை கையெடுத்துக் கும்பிட்டார். அவர்மேல் தவறில்லை. தங்களை அனுப்பி வைக்கிறோமா, மீண்டும் அழைத்துக்கொள்கிறோமா என்பதே இன்று காலை வரை எங்களுக்குத் தெரியாது. அதற்குக் காரணம் ஒரு வரவுசெலவுத் திட்டம். அவையில் அமர்ந்திருக்கும் தங்கள் சுற்றத்தாருக்கும் மாணவியருக்கும் விளங்கும்படி அதை இங்கே சொல்லிவிடுகிறோம். எங்களுக்கும் ஒருமுறை விளங்கினால் நல்லது.

இருளில் இயங்குவோரை இனங்கண்ட இனியவரே!

ஆயிரங்கால் மண்டபத்து இருட்டில் படபடக்கும் சிறகுகளைக் கண்டு பிறர் முந்தானையால் தலையை மூடிக்கொண்டு ஓடும்போது, தாங்கள் அங்கேயே நின்று அண்ணாந்து பார்த்தீர்கள். அந்தப் பார்வையே ஆராய்ச்சியாகி, ஆராய்ச்சி முனைவர் பட்டமாயிற்று. மணமான புதிதில் மனைவிக்கு மல்லிகை வாங்கி வரும் கணவர்களை இவ்வூர் நிறையப் பார்த்திருக்கிறது. சாயரட்சை பூசை முடித்து, மல்லிகையோடு டார்ச் பேட்டரியும் வாங்கி வந்து, மனைவி குறிப்பெடுக்க விளக்குப் பிடித்து நின்ற குருக்கள் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறது. திரு. நீலகண்டன் அவர்களே, இம்மடலில் தங்களுக்கும் பங்குண்டு. எவ்வளவு பெரிய பங்கு என்பதைத் தங்கள் துணைவியார் இன்னும் சற்று நேரத்தில் அறிவார்.

வகுப்பறையில் தங்கள் கண்டிப்பையும், கண்டித்த மறுநாள் அதே மாணவிக்குச் சோற்றுடப்பாவில் பாதியைப் பகிர்ந்த கனிவையும், தேர்வுப் பணியில் தாங்கள் ஒருநாளும் நாற்காலியில் அமர்ந்ததில்லை என்பதையும் வரிசையாக எழுதி வைத்திருந்தோம். அவற்றையெல்லாம் நிகழ்ச்சியில் பேசப் போகிறவர்கள் பேசட்டும். நாங்கள் மடகாஸ்கருக்கு வருகிறோம்.

ஆண்டு ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டு. அத்தீவில் பழந்தின்னி வௌவால்கள் கூட்டமாக அடையும் ஒரு தோப்பை ஆறு ஆண்டுகள் தொடர்ந்து கணக்கெடுக்க, ஓர் அயல்நாட்டு அறக்கட்டளை தங்களைத் தேர்ந்தெடுத்தது. ஆறாண்டுக் கணக்கும் முழுமையானால் அந்தத் தோப்பைக் காப்பிடமாக்கப் பரிந்துரைக்கலாம். ஓராண்டு விடுபட்டாலும் முடியாது. முதலில் வரவுசெலவுத் திட்டம் அனுப்ப வேண்டும். நம் அலுவலகக் கண்காணிப்பாளர் அருணகிரி அதுவரை போட்டிருந்த பெரிய திட்டம் கல்லூரிச் சுற்றுலாவுக்கானது. பேருந்து, ஒகேனக்கல், தயிர்சாதம். அவர் தாள்களோடு தங்கள் எதிரில் வந்து அமர்ந்தது எங்கள் கண்ணிலேயே நிற்கிறது.

"மேடம், அந்த ஊர்ல லாட்ஜ் என்ன ரேட்டு?"

"காட்டுல ஏது லாட்ஜு அருணகிரி? டென்ட்டுதான்."

"டென்ட் வாடகை?"

"டென்ட் நம்மளோடது."

"அப்போ எடத்துக்கு வாடகை?"

"வாடகைன்னு கெடையாது. கிராமத்துக்குக் கொஞ்சம் குடுக்கணும்."

"கொஞ்சம்னா அது எந்த ஹெட்ல வரும் மேடம்?"

அன்று எழுந்த அந்தக் கேள்வி இக்கல்லூரியை விட்டு இன்றுவரை போகவில்லை.

ரூபாயை டாலராக்கி, டாலரை அத்தீவின் பணமாக்கி, அதை மீண்டும் ரூபாயாக்கிச் சரிபார்த்தபோது, புறப்பட்ட தொகை ஒருமுறைகூடத் திரும்பி வரவில்லை. உணவு என்ற தலைப்பில் அருணகிரி ஒரு மூட்டை அரிசி போட்டிருந்தார். புளியும் மிளகாய்த்தூளும் அப்பளமும் இருந்தன. விமானத்தில் மூட்டைக்கு என்ன கட்டணம் என்று விசாரித்தாரா எனத் தாங்கள் கேட்டதற்கு, "பஸ்ல மாதிரி லக்கேஜ் போட்டுக்கலாம்னு நெனச்சேன் மேடம்" என்றார். "அவங்க நம்மளவிட ஜாஸ்தி சோறு சாப்பிடறவங்க அருணகிரி. மூணு வேளையும் சோறுதான்" என்று தாங்கள் சொன்ன பிறகே அவருக்கு அந்தத் தேசத்தின்மேல் நம்பிக்கை பிறந்தது.

அரிசியை அடித்தீர்கள்; அப்பளத்தைச் சிரித்துக்கொண்டே அடித்தீர்கள்; மற்றதைப் படித்துக் கையெழுத்திட்டு அனுப்பினீர்கள். பத்தாம் நாள் செங்கம் சாலைத் தொலைபேசிக் கடைக்கு அறக்கட்டளையின் ஃபேக்ஸ் வந்தது. பௌர்ணமி இரவில் நிலா வெளிச்சத்தில், வௌவாலைப் பிடித்துப் பார்க்கக் கட்டும் வலை தெரியும், வௌவால் வலைக்கு வராது, அன்று வேலையே நடக்காது. அப்படியிருக்க, பௌர்ணமியன்று மட்டும் தங்குமிடம், வண்டி, உணவு, ஆள்கூலி அனைத்தும் இரண்டு மடங்காகக் காட்டப்பட்டிருப்பது ஏன்? ஒரு வாரத்துக்குள் விளக்கம் வராவிட்டால் நிதி நிறுத்தப்படும்.

துறையில் எல்லோரும் கூடினோம். ஏன் என்று எங்களில் ஒருவருக்கும் புரியவில்லை. அருணகிரிக்குத்தான், கேள்வியே ஏன் வந்தது என்று புரியவில்லை.

"பௌர்ணமின்னா டபுள்தானே மேடம்? லாட்ஜ் டபுள், ஆட்டோ டபுள். அடி அண்ணாமலைல தண்ணி பாட்டில்கூட அன்னிக்கு டபுள். காட்டுல மட்டும் சும்மா வுட்டுடுவானா?"

தட்டச்சு அடித்தவர் செய்த பிழை என்று எழுதிவிடலாம் என்றார் எங்களில் ஒருவர். நிலவில் திருட்டு பயம், காவலுக்கு ஆள் கூட்டினோம் என்று எழுதலாம் என்றார் இன்னொருவர். அதற்குள் விஷயம் விளங்கிவிட, அருணகிரி எழுந்து நின்றார். "என் தப்பு மேடம். என் பேரையே சொல்லிடுங்க."

"கையெழுத்து என்னோடது" என்றீர்கள். "நானும் இந்த ஊர்க்காரிதானே? டபுள்னு பார்த்ததும் சரியாத்தான் இருக்குன்னு தோணிடுச்சு."

பின்பு உள்ளதை உள்ளபடி எழுதினீர்கள். எங்கள் ஊரில் முழுநிலவன்று இலட்சக்கணக்கானோர் மலையைச் சுற்றி நடக்கிறார்கள், அன்று எல்லாம் விலையேறும், அந்தப் பழக்கத்தில் உங்கள் காட்டுக்கும் விலையேற்றிவிட்டோம், அத்தொகையை நீக்கிக்கொள்க. அவர்கள் நீக்கினார்கள், மீதியை ஒப்புக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அந்த அறக்கட்டளையின் அதிகாரி அம்மையார் நம் கல்லூரிக்கு எதை எழுதினாலும், உங்கள் ஊர்க் கூட்டம் நலமா என்று விசாரித்த பிறகே விஷயத்துக்கு வருவார்.

கடல் கடந்தும் கணக்கு மாறாத கண்ணியரே!

ஐந்து கோடை விடுமுறைகள் தாங்களும் விரிவுரையாளர் அறிவுமதியும் அத்தோப்புக்குச் சென்றீர்கள். அந்தி சாயும் நேரம் தோப்பின் கிழக்கே ஒருவரும் மேற்கே ஒருவருமாக நின்று, கிளம்பிப் பறக்கும் வௌவால்களை எண்ணினீர்கள். ஓராண்டும் இருவர் கணக்கும் ஒத்துப்போகவில்லை. தங்களுடையது எப்போதும் குறைவு. அறிவுமதியுடையது எப்போதும் கூடுதல். ஊர் திரும்பியும் ஆசிரியர் அறையில் அந்த வழக்கு ஓயாது.

"நீங்க கண்ணாடி தொடைக்கிற நேரத்துல நூறு போயிடுது மேடம்."

"நீ ஒரே வௌவாலை ரெண்டு தடவை எண்றே அறிவு. அது திரும்பி வந்து உன்னைப் பார்த்துட்டுப் போறது."

எது சரி என்று அறக்கட்டளையைக் கேட்டால், எது சரி என்பது முக்கியமில்லை, எண்ணுகிற கண்கள் மாறக்கூடாது என்றார்கள். ஒருவர் குறைத்தே எண்ணட்டும், ஒருவர் கூட்டியே எண்ணட்டும். ஆறாண்டும் அதே இருவர் எண்ணினால்தான் கூட்டம் பெருகிற்றா அருகிற்றா என்று சொல்ல முடியும். இது மட்டும் எங்களுக்கு உடனே புரிந்தது. புரிந்த அன்றே கவலையும் வந்தது. தங்கள் பணிக்காலம் வரும் மே முப்பத்தொன்றோடு நிறைகிறது. ஆறாவது கணக்கு ஜூன் மாதத்தில்.

முதல்வர் திரு. ராமதாஸ் விதிகளைப் புரட்டினார். கல்லூரியில் ஊதியம் பெறுபவருக்கு மட்டுமே அறக்கட்டளைப் பணத்தில் பயணச்சீட்டு எடுக்கலாம். "ரூல் இல்லீங்களே மேடம்" என்று அவர் சொன்னபோது, சொன்னவர் முகம்தான் வாடியது. தாங்கள் சிரித்தபடி திட்டத்தாளை வாங்கித் தங்கள் பெயரைத் தாங்களே அடித்தீர்கள்.

"என் டிக்கெட்டை எடுத்துடு அறிவு. அந்தக் காசுல புதுசா ரெண்டு டார்ச்சு வாங்கிக்கோ. நாலு ராத்திரி ஜாஸ்தி தங்கலாம்."

"டார்ச்சு எண்ணுமா மேடம்?"

அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

எனக்காக யாரும் வசூல் செய்யக்கூடாது, பிரிவுபசாரத்துக்கு மோதிரம் கீதிரம் வாங்கக்கூடாது என்று அன்றே ஆணையும் இட்டீர்கள். மோதிரத்துக்கு வசூல் அதற்கு முந்தின வாரமே முடிந்திருந்தது. அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுப்பதா, வைத்திருப்பதா என்பது ஒரு தனிக் குழப்பம்.

தாங்கள் தேர்வுக்கூடத்தில் நின்ற நாட்களில், தங்கள் அறையிலேயே அமர்ந்து தங்களை எந்தத் தலைப்பில் சேர்ப்பது என்று வாதாடினோம். ஊதியம் கூடாது, பயணம் கூடாது. கருவி என்று போடலாமா? "சீரியல் நம்பர் கேப்பாங்க" என்றார் அருணகிரி. நுகர்பொருள்? அது வேலை முடிந்ததும் தீர்ந்துபோகும் பொருளாம். தாங்கள் தீர்ந்துபோகிறவரில்லை என்று அறிவுமதி ஒரே பிடியாக மறுத்தார். இதர செலவுகள்? முதல்வர் எழுந்தே விட்டார். "மேடத்தை இதரன்னு போடறதா? நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

சென்ற வெள்ளிக்கிழமை, தாங்கள் மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு தங்கள் கணவர் வந்தார். எங்கள் சத்தம் கேட்டு வாசலிலேயே நின்றார். உள்ளே அழைத்து அமர வைத்தோம். கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"ஆத்துல ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறா. சாயங்காலமானா மொட்டை மாடிக்குப் போயிடறா. கோபுரத்துலேர்ந்து வௌவால் கெளம்பறதோன்னோ, அதை எண்ணிண்டு நிக்கறா. நேத்திக்கு நானும் கூட நின்னேன். எத்தனைடின்னு கேட்டேன். எண்ணி என்ன ஆகப்போறதுன்னு சொல்லிட்டு அழறா."

தாங்கள் அழுவீர்கள் என்பது முப்பத்திரண்டு ஆண்டுகளில் எங்களில் ஒருவருக்கும் தெரியாத செய்தி. எங்கள் முகங்களைப் பார்த்து அவரே பேச்சை மாற்றினார்: "ஜூன்ல இவ போகலேன்னா, ஆத்துல என்னைத்தான் எண்ணிண்டு உக்காந்திருப்பா. நான் ஒருத்தன்தான் இருக்கேன். எப்படி எண்ணினாலும் கம்மியாத்தான் வரும்."

அப்போதுதான் அருணகிரி நாற்காலியை முன்னுக்கு இழுத்தார்.

"சாமி, ஒண்ணு கேக்கறேன். தீபத்துக்குப் பத்து நாள் உற்சவம் நடக்குதே, செலவெல்லாம் ஒரே ஆளா பண்றாங்க?"

"அதெப்படி? ஒவ்வொரு நாளும் ஒவ்வொருத்தர் உபயம்."

"அதான் சாமி! காட்டுலயும் ஒவ்வொரு ராத்திரி ஒவ்வொருத்தர் உபயம். மேடத்துக்கு சாப்பாடு, டென்ட்டு, தொணைக்கு வர்ற ஆள் கூலி, எல்லாம் அந்தந்த உபயதாரர்து. டிக்கெட்டு மோதிரத்தோட உபயம்!"

அம்மையீர், தங்கள் ஆணையை மீறினோம். யாரையும் கேட்டு வசூலிக்கவில்லை, கேட்காமலேயே வந்தார்கள். தாவரவியல் துறையினர், "எங்களுக்கு வௌவாலைப் பிடிக்காது, மேடத்தைப் பிடிக்கும்" என்று சொல்லி ஓர் இரவை எடுத்துக்கொண்டார்கள். கடைசி இரவுக்கு மூன்று பேர் போட்டியிட்டு, சீட்டுக் குலுக்க வேண்டியதாயிற்று. தங்கள் கணவர் மட்டும், "மொத நாள் எங்காத்து உபயம். அதை யாரும் கேக்கப்படாது" என்று சொல்லிவிட்டு, கண்ணாடியைக் கொடுக்க மறந்து கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஆனால் அறக்கட்டளை என்ன சொல்லும்? திங்கட்கிழமை மாலை முதல்வர் அறையிலிருந்து அந்த அதிகாரி அம்மையாருக்குத் தொலைபேசியில் பேசினோம். முதல்வர் உபயம் என்பதை அவருக்கு விளக்க முயன்றார். உற்சவத்தையும் தேரையும் சொன்னார்; தேரை எதற்குக் காட்டுக்கு அனுப்புகிறீர்கள் என்று அவர் கேட்டிருக்க வேண்டும், ஏனெனில் முதல்வர் "நோ, நோ" என்று பதறினார். கடைசியில் ஒலிவாங்கியைக் கையால் மூடிக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"வெளியார் பணத்தை இந்தத் திட்டத்துல சேர்க்க முடியாதாம். பொருளாவோ உழைப்பாவோ குடுத்தா ஏத்துக்குவாங்களாம்."

"பொருளாத்தானே சார் குடுக்கறோம்? பணத்தை நாமளே கட்டிட்டு மேடத்தையே குடுக்கறோம்!" என்றார் அருணகிரி.

எதையும் இருமுறை யோசிக்கும் நம் முதல்வர், ஒருமுறைகூட யோசிக்காமல் அதை அப்படியே ஆங்கிலத்தில் சொல்லிவிட்டார். மறுமுனையில் அந்த அம்மையார் அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். பிறகு, அப்படியானால் உங்கள் ஊர் எங்களுக்கு ஒரு விலங்கியலாளரை நன்கொடையாக அளிக்கிறதா என்று அவர் கேட்டார். முதல்வர் நாற்காலியை விட்டு எழுந்து நின்று சொன்ன பதிலை நாங்கள் தமிழில் தருகிறோம்: "ஆமாம் அம்மா. ஆனால் திருப்பி அனுப்பிவிட வேண்டும்."

இன்று காலை பதினோரு மணிக்கு ஒப்புதல் வந்தது. நான்காவது திருத்தப்படியும் அதனால்தான். ஆறாம் ஆண்டுத் திட்டத்தில், ஊதியம், பயணம், கருவி, உணவு எல்லாம் முடிந்த பின், புதிதாக ஒரு வரி இருக்கிறது: "விலங்கியலாளர் ஒருவர். உபயம்: திருவண்ணாமலை."

தங்களைக் கேளாமல் தங்களைக் கொடையாக அளித்துவிட்டோம், பொறுத்தருள்க. தங்களுக்காகக் கைநீட்டினோம் என்று எண்ண வேண்டாம். தங்களைப் பெற்றுக்கொள்பவை அந்தத் தோப்பின் வௌவால்கள். அவற்றுக்குக் கொடுக்க எங்களிடம் இருப்பதில் சிறந்ததைக் கொடுக்கிறோம். கண்ணும் காலும் களைப்பறியாமல், கணவரோடும் கலகலப்போடும், அண்ணாமலையார் அருளால் நீடு வாழ்க! எண்ணுவதற்கு உயிர்கள் குறையாத உலகில் வாழ்க!

இவ்வளவும் கேட்ட பின்னரும் ஏற்புரையில் மறுத்துப் பேசத் தாங்கள் எழக்கூடும் என்று அறிவோம். அதனால் ஒன்றை மட்டும் கடைசியாகச் சொல்லி வைக்கிறோம். ஜூன் ஒன்பதாம் தேதி விமானத்துக்காக அறிவுமதி இரண்டு பெட்டிகளோடு புறப்படுகிறார். ஒன்று அவருடையது. மற்றொன்றை, தாங்கள் இன்று காலை கல்லூரிக்குக் கிளம்பிய பிறகு, திரு. நீலகண்டன் அவர்களே அடுக்கிக் கட்டி, ஆட்டோவில் ஏற்றி, எங்கள் துறையில் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். பூட்டுச் சாவியைத் தங்களிடம் தரமாட்டாராம்.

திருவண்ணாமலை,
30-4-2003, புதன்கிழமை.

என்றும் தங்கள் அன்பில் நிற்கும்,
விலங்கியல் துறையினர், அலுவலகத்தார், மற்றும் உபயதாரர்கள் அனைவரும்